தலைமாட்டு விளக்கு

மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் ஏறியிருந்தது. இருளாயி முதலில் கண்டது அதைத்தான்.

விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், ரப்பர் பால் வடிக்கிற இரண்டு கித்தா மரங்களுக்கு நடுவே ஜப்பான்காரன் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருந்தான். அந்தி மங்கி, கொசுக்கள் காதுக்குள் ரீங்கரிக்க, எந்த வீட்டிலோ மரவள்ளி அவிகிற வாசமும் லோரியில் ஓடிக்கொண்டிருந்த மின்சார இயந்திரத்தின் புகையும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையைக் கமறவைத்த அந்த நேரத்தில், துணியின்மேல் அவள் புருஷன் பிச்சைமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழையிலையில் சோறு தின்றான். தின்றபடியே நிமிர்ந்து சிரித்தான். தோட்டத்து சனம் கைதட்டிக் கூச்சல் போட்டது. போய் இத்தனை நாளாகியும் ஒரு சேதியும் இல்லாத மனுஷன், அதோ, சோறும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கிறான்!

ஆனால் நிழல் சரியில்லை. மனுஷ முகத்துக்கு நிழல் கீழே விழும். வெயிலானாலும் நிலவானாலும் அப்படித்தான். இங்கேயோ மோவாய்க்கு அடியும் மூக்குத் துவாரமும் பளபளத்தன. கன்னத்து எலும்பின் நிழல் மேலேறிக் கண்களை மூடியிருந்தது. உதடு சிரித்தது, கண் இருந்த இடம் இருண்டு கிடந்தது.

இருளாயி பக்கத்தில் இருந்த மங்களத்தை இடித்தாள். மங்களம் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் பத்துமலையும் பிச்சைமுத்துவோடு ஒரே வண்டியில் போனவன்.

"ஏய், அவரு மூஞ்சியப் பாரு. ஒரு மாதிரியா இல்ல?"

"நல்லாத்தானே இருக்காரு? கல்யாண மாப்பிள கெட்டாரு போக்கா. நம்மாளு வருவாரான்னு பாக்குறேன், சும்மா இரு."

சும்மாதான் இருந்தாள். ஆனால் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த முகத்துக்கு அப்படி விளக்கு வைக்கவே இல்லை. அவளுக்குத் தெரியும். அந்த இலையில் சோறு போட்டவளே அவள்தான்.

*

விளக்கு வைத்தவன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருளாயியின் கூடப்பிறந்த தம்பி சீனி. தாய் போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். ஒரு கையில் பால் வாளி, மறு இடுப்பில் தம்பி. அப்படி வளர்ந்தவன் மீசை முளைத்ததும் கித்தாக் காடு வேண்டாம் என்று ஈப்போவுக்கு ஓடி, ஒரு படக்கொட்டகையில் படம் காட்டும் இயந்திரத்தின் கரித்துண்டு விளக்கை எரிக்கிற வேலையில் சேர்ந்தான். சிலிம் ரிவரில் வெள்ளைக்காரன் தோற்று ஓடியதும் கொட்டகை மூடிக் கிடந்தது. பிறகு ஜப்பான்காரன் தன் படங்களைப் போடுவதற்காக அதைத் திறந்தான். படம் எடுக்கிற கூட்டம் ஒன்றும் வந்து இறங்கியது. விளக்கு தெரிந்த ஆள் வேண்டும் என்று சீனியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் சாக்கைக் கட்டிக்கொண்டு அலைந்த காலத்தில் அவன் மட்டும் சட்டை போட்டிருந்தான்.

இருளாயி இருந்த மூணுகல்லுத் தோட்டம் என்பது சிம்பாங் பூலாய்ப் பக்கம், மூன்று சுண்ணாம்பு மலைகளுக்கு அடியில் கிடக்கிற தோட்டம். சீனி அங்கே வந்தால் போதும், வாய் கிழியப் பேசுவான்.

"அக்கா, வயாங்கு, இந்தப் படம்னா கதையில இல்லலா, வெளிச்சத்துல இருக்கு. ஒரே மூஞ்சிதான். ஒசரத்துல, ஒரு பக்கமா விளக்கு வச்சா மாப்பிள்ளை. கீழ எறக்கி வச்சா பொணம். காமிராவைத் தரையில வச்சு எடுத்தா அவன் ராஜா. கூரை மேல ஏத்தி வச்சு எடுத்தா எறும்பு. ஒருத்தன எறும்பாக் காட்டிட்டாங்கன்னு வையி, அவன் கதை அதோட முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். வாயத் தொறந்து சொல்லவே வேணாம், பாக்குறவனுக்கு வெளங்கிரும்."

"அடி ஆத்தே! எங்கேருந்துடா கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று கேட்பாள் இருளாயி. கேட்கும்போது மனசு குளிரும். தான் தூக்கி வளர்த்த பிள்ளை இத்தனை பேசுகிறானே என்று பெருமை வேறு!

அவன்தான் படக்காரர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தான். சயாமில் ஏதோ ரயில் பாதை போடுகிறார்களாம், ஒரு தோட்டத்து ஆள் அங்கே சந்தோஷமாக வேலைக்குப் போகிற மாதிரி படமாம். "நெசமா போறது இல்லக்கா. நடிப்புதான்" என்றான். மரவள்ளியைத் தின்று ஊரே வற்றிப்போயிருக்க, பிச்சைமுத்துவின் முகம் மட்டும் எப்படியோ எலும்பு அகன்று நிறைவாக இருந்தது. கண்ணாடி போட்ட ஜப்பான் டைரக்டர் அவன் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டிலேயே சோறு தின்கிற காட்சி. இலையில் துருவிய மரவள்ளியைக் குவித்து, மேலே மட்டும் அரிசிச் சோற்றைத் தூவச் சொன்னார்கள். காமிராவுக்கு மேல்பக்கம் தெரிந்தால் போதுமாம். பிச்சைமுத்து அதைத் தின்றுவிட்டு, "திரும்ப ஒருவாட்டி எடுக்கச் சொல்லு மச்சான்" என்று சீனியைப் பார்த்துக் கண்ணடித்தான். இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. வீட்டுக்குள் இருட்டு என்று சீனி விளக்கைக் கொண்டுவந்து பிச்சைமுத்துவுக்கு எதிரே தரையில் வைத்தான். வெறுந்தரையில். வெளிச்சம் மோவாயைத் தொட்டு மேலேறியதும் இருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழவு வீட்டில்தான் அப்படி. கிடத்தின உடம்புக்குத் தலைமாட்டில், தரையில், ஒற்றை விளக்கு. பக்கத்தில் குனிந்து பார்க்கிறவர்கள் முகமெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

"டேய், என்னடா இது? உசுரோட இருக்கிற மனுஷனுக்குத் தலைமாட்டு வெளக்கு மாதிரி வைக்கிற?"

சீனி நிமிரவில்லை. அதற்குள் டைரக்டரும் கத்தினான். சீனி விளக்கைத் தூக்கித் தேயிலைப் பெட்டி மேல் உயரத்தில் வைத்து, பெட்டியின் வெள்ளித்தாளைப் பலகையில் ஒட்டி மறுபக்கம் ஒரு ஆளைப் பிடிக்கச் சொன்னான். பிச்சைமுத்துவின் முகம் நிறைந்தது. அப்புறம்தான் காமிராவையே ஓடவிட்டார்கள்.

பிறகு வாசலில் ஒரு காட்சி. கிணற்றடியில் காமிரா நின்றது. வாசற்படியில் நின்று, எல்லாரும் வாங்க என்று கையால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டான். ஒரே தடவைதான் எடுத்தார்கள்.

கடைசியாக ஈப்போ ஸ்டேஷனில், வண்டி ஏறுகிற காட்சி. ஆண்களுக்கெல்லாம் புது வேட்டி கொடுத்திருந்தார்கள். "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிருவாங்க. லோரி போயிக் கொண்டாந்து விட்டுரும்" என்றான் சீனி. டைரக்டர் விசில் ஊதினான். வருஷக்கணக்காகப் பெரட்டுக்கு நின்று பழகிய சனமாயிற்றே! விசில் சத்தம் கேட்டதும் தாமாகவே வரிசை பிடித்தார்கள். ஒருவன் முதுகை ஒருவன் தொட்டுக்கொண்டு, முண்டாமல், இடிக்காமல், சரக்கு வண்டிக்குள் ஏறினார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை.

பிச்சைமுத்து தன் தூக்குச்சட்டியை இருளாயியிடம் நீட்டினான். உள்ளே அவித்த மரவள்ளி. "வந்து தின்னுக்குறேன் புள்ள. மூடி வை."

வண்டி வருவதற்கு முன்பே சீனி காமிராவின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் கூரைமேல் ஏறியிருந்தான். "மேல எதுக்குடா?" என்று கீழே நின்று கேட்டாள். "கூட்டம் முழுசா விழணும்லா" என்றான். வண்டி புறப்பட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். சிரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

அந்தியாகியும் லோரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சீனி வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். "என்னையும் ஏமாத்திட்டானுங்கக்கா. நெசமாவே சயாமுக்குக் கொண்டுபோயிட்டானுங்களாம்." இருளாயி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தன் துக்கத்தை விட்டுவிட்டுத் தம்பியைத் தேற்றினாள்! தூக்குச்சட்டியில் மரவள்ளி புளித்து நுரைத்தது. அவளுக்கு அதைக் கொட்ட மனசு வரவில்லை.

*

பெரட்டுக்களத்தில் படம் முடிந்ததும் நேராக லோரியிடம் போனாள். சீனி படச்சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வெளக்கை நீ தூக்கித்தானே வச்சே? பெட்டி மேல?"

"ஆமா."

"அப்ப ஏன்டா கீழேருந்து வருது?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"பதிஞ்சது பதிஞ்சதுதான்க்கா. படத்துல எதுவும் மாறாது. அழுது அழுது உனக்குக் கண்ணு போச்சு." வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியை மூடினான். மூடி சரியாக உட்காராமல் அவன் விரல்கள் அதன்மேல் தடுமாறின. அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதே அவளுக்குப் பட்டது. ஏன் மறைக்கிறான் என்பதுதான் விளங்கவில்லை.

அன்றிலிருந்து இருளாயி வீட்டில் விளக்கைத் தரையில் வைப்பதில்லை. தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டாள். அப்படியும் பொழுது சாய்கிற நேரத்தில், கித்தா இலைகள் தகரக் கூரையில் உரசுகிற சத்தத்துக்கு நடுவே, பிச்சைமுத்து சோறு தின்ன உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே, கூரையின் உட்புறத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அகன்ற தலை, இரண்டு தோள். தரையில் விளக்கு வைத்து, அதற்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் கூரையில் விழுகிற நிழல். அவள் குனிந்து பார்த்தாள். தரையில் விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. தொங்கிய விளக்கை அமர்த்தினாள். வீடு இருண்டது. நிழல் இருந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருண்டிருந்தது.

அடுத்த தோட்டத்திலும் அதே படத்தைப் போட்டார்கள். மங்களத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போனாள். மாட்டேன் என்று கால் சொன்னது, அவரை இன்னொரு தடவை பார் என்று மனசு இழுத்தது. அங்கே இடம் கிடைக்காமல் கூட்டத்தின் கடைசியில் நின்றார்கள். வாசல் காட்சி வந்தது. கிணற்றடியிலிருந்து எடுத்தது, படியும் கதவும் அவன் முழு உடம்பும் சின்னதாகத் தெரிய வேண்டும். பெரட்டுக்களத்தில் அப்படித்தான் தெரிந்தது. இங்கே இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தான். கதவு இல்லை. படி இல்லை. ஒரே தடவை எடுத்த காட்சியில், கிணற்றடியில் நின்ற காமிரா எப்படிக் கிட்டே வந்தது?

அவன்தான் கிட்டே வந்திருக்கிறான் என்று தோன்றியது.

கூப்பிட்டு அசைய வேண்டிய கை அசையவில்லை. தூக்கியபடி நின்றது. துணிப் பக்கமிருந்து காற்று திரும்பி வீசியபோது ஒரு நாற்றம் வந்தது. நனைந்த மண், சுண்ணாம்பு, ஆறாத புண். இருளாயி மூக்கைப் பொத்திக்கொண்டாள். முன்னால் இருந்தவர்கள் சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மறுவாரமே அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறைய ஆண்கள் தாமாகவே பெயர் கொடுத்துச் சயாமுக்குப் போனார்கள்.

*

பிறகு ஒருநாள் காலையில் சீனி வந்தான். கையில் ஒரு பொட்டலம் அரிசி. நிஜ அரிசி. அதைக் கண்டு எத்தனை காலம்! உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, புதுப் படம் வந்திருக்கு. சயாம்ல எடுத்தது. மச்சான் பேசுறாராம், வீட்டு சனத்துக்குச் சேதி சொல்றாராம். ஈப்போ கொட்டகையில பெரிய தெரையில போடுறாங்க. பகல் ஆட்டம், தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு மட்டும். எல்லாரையும் கூட்டிட்டு வா."

"பேசுறாரா? நீ பாத்தியாடா? உசுரோட இருக்காரா?"

"இருக்காருக்கா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்தான். "இருக்காரு" என்றான்.

கூடப்பிறந்தவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? துணியில் கண்டதெல்லாம் தன் கண்கோளாறுதான் என்று அந்த நிமிஷமே நம்பிவிட்டாள். நம்பியதோடு நின்றாளா? வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எனக்குப் பயமா இருக்குக்கா, போலாமா வேணாமா?" என்று தயங்கிய மங்களத்தையும், "என் தம்பி இருக்கான்டி, அவன மீறி என்னா ஆவப்போவுது?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிச்சைமுத்துவின் தூக்குச்சட்டியைச் சாம்பல் போட்டு விளக்கி, மரவள்ளி அவித்து வைத்து மூடினாள். படக்காரர்கள் திரும்பச் சயாமுக்குப் போகும்போது கொடுத்தனுப்பலாம் என்று ஓர் ஆசை. வெறும் ஆசைதான்.

வெளியே சுண்ணாம்பு மலைகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. கொட்டகைக்குள் காலை வைத்ததும் பட்டப்பகல் அறுந்து விழுந்து கும்மிருட்டு. ஃபினாயில் நெடி, வௌவால் புழுக்கை நெடி, பூட்டிக் கிடந்த மெத்தை நாற்காலிகளின் புழுங்கிய வாடை. வாசலில் சீனி நின்று ஒவ்வொருத்தியாக உள்ளே விட்டான். இருளாயி தன்னைக் கடந்து போகும்போது தூக்குச்சட்டியைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ மேல வெளக்குக்குப் போவலயா?"

"வேற ஆளு இருக்கான்க்கா. நான் கதவுக்கு."

கறுப்புத் திரைச்சீலை வாசலை மூடியது. தலைக்கு மேல் ஒளி குழல்போல நீண்டது, அதில் தூசி சுழன்றது. இயந்திரம் கடகடத்தது.

புதுப் படம் இல்லை. பழைய படம்தான்.

அதே வாழையிலை. அதே சிரிப்பு. பெரிய திரையில் மூக்கின் நிழல் கன்னங்கரேலென்று நெற்றிவரை ஏறிக் கிடந்தது. சேதி பேசுகிற படம் இதற்குப் பிறகு வரும்போல என்று இருளாயி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். மடியில் தூக்குச்சட்டியை இறுகப் பிடித்திருந்தாள். ஸ்டேஷன் வந்தது. வரிசை வந்தது. வண்டி வந்தது. அப்புறம் கூரைமேலிருந்து எடுத்த காட்சி வந்தது.

துணிப் படத்தில் அது சரியாகத் தெரியவில்லை. இங்கே தெளிவாகத் தெரிந்தது. நீளமான வண்டி, பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய சின்னச் சின்ன ஆட்கள், ஒருவர் பின் ஒருவராகக் கறுத்த வாசலுக்குள் நுழைந்துகொண்டே இருந்தார்கள். தலை தெரிந்தது. முகம் தெரியவில்லை. எறும்புகள்.

ஒருத்தன எறும்பாக் காட்டிட்டாங்கன்னு வையி.

வண்டி வருவதற்கு முன்பே சீனி கூரைமேல் ஏறிவிட்டான். ஆட்கள் வரிசை பிடிப்பதற்கு முன்பே முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு ஏறிவிட்டான். காமிராவை அங்கே வைத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவன். தன் வாயாலேயே அவளுக்குச் சொன்னவன். அதற்கும் முன்னால், வீட்டில், டைரக்டர் சொல்லாமலே விளக்கைத் தரையில் வைத்தானே! வாயால் சொல்லத் துணியாததைக் கை வைத்துக் காட்டிவிட்டது. அவனை யாரும் ஏமாற்றவில்லை. மச்சானுக்குச் சோறு போடும்போதே அவனுக்குத் தெரியும். மடியில் தலை வைத்து அழும்போதும் தெரியும். அடப்பாவி! இடுப்பில் தூக்கி வளர்த்தேனேடா. எனக்கு இல்லாமல் உனக்கு ஊட்டினேனேடா. உன் ஒரு சட்டைக்கு என் புருஷனா கிடைத்தான்?

அரிசிப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யும்.

"மங்களம், எந்திரி."

"ஏங்க்கா? இன்னும் அவரு பேசலையே."

"எந்திரிடி!"

இருட்டில் முழங்கால்களில் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திரைச்சீலையை விலக்கிக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. வெளியே சங்கிலி கலகலத்தது. அதற்கும் அப்பால் லோரிகள் உறுமிக்கொண்டு நின்றன.

திரும்பினாள்.

முன்பெல்லாம் எறும்புக் காட்சியோடு படம் முடிந்துவிடும். முடியவில்லை. திரை இருண்டது. பிறகு மெல்ல ஓர் இடம் தெரிந்தது. சரக்கு வண்டியின் உள்பக்கம். கதவு அடைத்திருந்தது. அதற்குள் எந்தக் காமிராவும் போகவில்லை. எந்த விளக்கும் போகவில்லை. ஆனாலும் வெளிச்சம் இருந்தது. தரையிலிருந்து.

ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புது வேட்டி கந்தலாகியிருந்தது. எல்லா மோவாயும் வெளுத்திருந்தது. எல்லாக் கண்ணும் இருண்டிருந்தது.

நாற்றம். மண். சுண்ணாம்பு. புண்.

முன்னால் பிச்சைமுத்து. முகம் நெருங்கியது. பெருத்தது. திரை போதவில்லை. நிறைந்த முகம் இல்லை இப்போது. எலும்பு மட்டும்.

கையைத் தூக்கினான். உள்ளங்கை அவளைப் பார்த்து விரிந்தது. அந்தக் கை கூப்பிடவில்லை.

வராதே.

எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்! பெரட்டுக்களத்தில். பக்கத்துத் தோட்டத்தில். வீட்டுக் கூரையில். அவள்தான் தம்பி முகத்தை நம்பினாள்.

"அக்கா..." இருட்டுக்குள் மங்களத்தின் குரல். "அங்க பின்னால... அது எங்க வீட்டுக்காரருக்கா."

ஒருத்தி அலறினாள். பிறகு எல்லாரும் அலறினார்கள். மேலே இயந்திரம் நின்றது. கடகடப்பு ஓய்ந்தது. தூசி சுழன்ற ஒளிக் குழல் அறுந்தது.

திரை அணையவில்லை. முகம் அப்படியே இருந்தது.

சங்கிலி அவிழ்ந்தது. கதவு திறந்தது. வெயில் வரவில்லை. லோரிகளைக் கதவோடு ஒட்டி நிறுத்திப் படுதாவை இறக்கியிருந்தார்கள். துப்பாக்கிச் சிப்பாய்கள் உள்ளே வந்து அரிக்கன் விளக்குகளை நடைபாதை நெடுகத் தரையில் வைத்தார்கள். ஒன்று. அப்புறம் ஒன்று. கடைசியாக வந்தவன் சீனி. அவன் கையிலும் ஒரு விளக்கு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"அக்கா, லோரி நிக்குது. மச்சான்கிட்டதான் போறோம். அங்க சமையலுக்குப் பொம்பளைங்க வேணுமாம். சூசா, கஷ்டம் ஒன்னும் இல்லலா." மனப்பாடம் ஒப்பிக்கிற குரல்.

"கூரை மேல காமிராவ ஏத்தும்போதே உனக்குத் தெரியும். இல்லையாடா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து விளக்கை அவள் காலடியில், வெறுந்தரையில் வைத்தான்.

வெளிச்சம் மோவாயைத் தொட்டு மேலேறியது. சூட்டை அவள் உணர்ந்தாள். மங்களத்தைப் பார்த்தாள். மூக்கின் நிழல் நெற்றியில் இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவளுக்கும். அதற்குப் பின்னால் நின்றவளுக்கும். இழுத்து வந்த அத்தனை பேருக்கும்.

தூக்குச்சட்டி கை நழுவி விழுந்து உருண்டது.

திரையில் பிச்சைமுத்து தூக்கிய கையை மெதுவாக இறக்கினான். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்தவன் தோளைத் தொட்டான். அவன் அடுத்தவனைத் தொட்டான். அடைத்த வண்டிக்குள் ஆண்கள் எல்லாரும், முண்டாமல், இடிக்காமல், நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள்.